மண்டைக்காட்டில் மூண்ட தீ

சென்னையை அடுத்த முட்டுக்காட்டுக் கழிமுகத்தைக் கடந்து தெற்கே சென்றால், கோவளத்தில் தமீம் அன்சாரி தர்காவும் கார்மேல் மாதா ஆலயமும் இந்துக் கோயில்களும் ஒரே உப்புக்காற்றை வாங்கியபடி நிற்கக் காண்கிறோம். இதே தமிழகக் கடற்கரையின் தென்கோடியில், 1982 மார்ச்சில், பகவதியம்மன் கொடைவிழா நடந்த மண்டைக்காட்டில், கடலாடச் சென்ற பெண்கள் கேலிக்கு உள்ளானார்கள் என்ற பேச்சு வாய்க்கு வாய் வளர்ந்து, மார்ச் 1 அன்று போலீஸ் துப்பாக்கிக்குக் கிறிஸ்தவ மீனவர் அறுவர் இரையாகும் அளவுக்கு முற்றியது ஏன்?

வேதநூல்களில் காரணத்தைத் தேடுவது வீண்சிரமம் என்றே கருதுகிறேன். முந்திய ஆண்டு மீனாட்சிபுரத்தில் தலித்துகள் இஸ்லாத்துக்கு மாறியது கிளப்பிய பீதி, கடலோரத்துக் கிறிஸ்தவ மீனவரான முக்குவருக்கும் உள்நாட்டு இந்துக்களுக்கும் நெடுநாளாக இருந்த பொருளாதாரப் பகைமை, இரு சாராரின் அச்சத்தையும் அரசியல் மூலதனமாக்கிக் கொண்ட இயக்கங்கள் ஆகிய யாவும் ஏற்கெனவே குவிந்து கிடந்த சருகு. வதந்தி அதில் விழுந்த பொறி. கோவையிலும் அப்படியே: 1997 நவம்பரில் ஒரு காவலர் கொலையுண்டார், அதையடுத்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் பதினெண்மர் மாண்டனர், 1998 பிப்ரவரி 14 அன்று தொடர்குண்டுகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. பழிக்குப் பழி என்ற கணக்கில் மாண்டவர் எவரும் கொன்றவர் அல்லர்.

மண்டைக்காட்டுக் கலவரத்தை விசாரிக்க நீதிபதி வேணுகோபால் கமிஷன் அமைந்தது. ஆனால் அறிக்கைக்குக் காத்திராமல் அங்கே சென்று இரு தரப்பாரிடமும் சமாதானம் பேசியவர் சைவ மடாதிபதியான குன்றக்குடி அடிகளார்.