கைரேகையும் கைப்பொருளும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, நம் சங்க வாசகசாலைக்கு ஒரு மூதாட்டி வந்திருந்தார். நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கி வாழ்பவர். அரசு வழங்கும் முதியோர் உதவித்தொகையைச் சிறுகச் சிறுக வங்கியில் சேர்த்து, பேத்தியின் பள்ளிக் கட்டணத்திற்கென்று வைத்திருந்தார். ஆயிரம் ரூபாய் எடுப்பதற்காகத் தெருமுனையிலிருந்த வங்கி முகவரிடம் சென்றபோது, “ரேகை பதியவில்லை பாட்டி, மறுபடியும் வையுங்கள்” என்று அவர் இருமுறை சொன்னாராம். மூதாட்டி மூன்று முறை விரல் வைத்தார்; ஆயிரம் ரூபாய் பெற்றுத் திரும்பினார். நான்கு மாதம் சென்று பாஸ்புத்தகத்தில் கணக்குப் பதிந்தபோதுதான், அன்றைய தினம் மூவாயிரம் ரூபாய் எடுக்கப்பட்டிருப்பது தெரிந்தது.

“எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு இந்த ரேகைதானே தம்பி கையெழுத்து? அதையே வாங்கிக்கொண்டு ஏமாற்றினால் நான் எங்கே போவேன்?” என்று அவர் கேட்ட கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

அரசின் உதவி ஏழையின் கையை நேரே அடையவேண்டும், இடையில் நிற்போர் சுரண்டலாகாது என்னும் நோக்கத்துடன், 2013 ஜனவரி 1 முதல் நேரடிப் பணமாற்ற முறை நம் நாட்டில் தொடங்கப்பெற்றது. 2014 ஆகஸ்ட் 28 அன்று ஜன்தன் திட்டம் தொடங்கி, கோடிக்கணக்கானோர்க்குக் கணக்கும் ரூபே அட்டையும் கிடைத்தன. குறிப்பிட்ட பயனுக்கு மட்டுமே செலவிடத்தக்க ‘இ-ருபி’ என்னும் முன்பணச் சீட்டு 2021 ஆகஸ்ட் 2 அன்று வந்தது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோர் எந்த மாநிலத்திலும் ரேஷன் பெற வழிசெய்யும் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம், 2022-இல் நாடெங்கும் பரவிற்று. இவை யாவும் நற்செயல்களே என்பதில் ஐயமில்லை. ஆயினும் இடைவழியில் நின்ற கள்வன், இப்போது வழியின் முடிவில், நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான்.

ஆதார் வழியாகப் பணம் எடுப்பதற்கு அட்டையும் வேண்டா, இரகசிய எண்ணும் வேண்டா. ஆதார் எண்ணும், வங்கியின் பெயரும், விரல் ரேகையும் போதும். எழுத்தறியாதார்க்கு இது பெரும் வசதி. ஆனால் இரகசிய எண் களவுபோனால் வேறு எண் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்றிக்கொள்ள இயலுமோ? பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்த ரேகைகளைப் படியெடுத்து, போலி விரல் செய்து பணம் எடுத்த நிகழ்ச்சிகளும் வெளிவந்துள்ளன. போலி விரலைக் கண்டறிவதற்கான புதிய காப்புமுறையை ஆதார் ஆணையம் 2023-இல் நடைமுறைப்படுத்தியது. எனினும், உண்மையான விரலையே மும்முறை வைக்கச்செய்யும் வஞ்சகத்தை எந்தப் பொறி கண்டறியும்? நாமே விழித்திருத்தல் வேண்டும்.

முகவரிடம் பணம் எடுக்கும்போது, திரையில் உள்ள தொகையைப் பார்த்த பின்னரே விரல் வையுங்கள். படிக்கத் தெரியாதார் பள்ளிப் பிள்ளையொன்றை உடன் அழைத்துச் செல்லலாம். ரேகை பதியவில்லை என்றாலும் அதற்குரிய ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். மாதம் ஒருமுறையேனும் பாஸ்புத்தகத்தில் பதிந்து பாருங்கள். ஊர் மாறும்போது சிம் மாற்றுவது நம்மவர் வழக்கம்; புதிய எண்ணை வங்கியிலும் ஆதாரிலும் பதியாவிடில், பணம் போன செய்தி நமக்கு வந்து சேராது.

கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியை ஆதார் ஆணையமே இலவசமாக அளிக்கிறது. ஆதாரில் பதிந்த கைபேசி எண் இருப்பின் அதன் செயலியிலோ இணையதளத்திலோ பூட்டலாம். 1947 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். பூட்டியிருக்கும்போது ரேஷன் கடையிலும் ரேகை ஏற்கப்படாது. வேண்டும்போது திறந்து, வேலை முடிந்ததும் மீண்டும் பூட்டிக்கொள்ளவேண்டும்.

நிற்க. தொலைபேசியில் வரும் கள்வன் வேறு வகையினன். ஓய்வூதியருக்கு வாழ்நாள் சான்றிதழ் புதுப்பிப்பதாகச் சொல்வான். ஊரில் நிலம் உள்ளவர்க்குக் கிசான் திட்டத்தின் தவணை வந்திருப்பதாகச் சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு செயலியை அனுப்புவான். அதை நிறுவினால் கைபேசியே அவன் வசமாகிவிடும். ஓ.டி.பி.யையோ அட்டையின் இரகசிய எண்ணையோ எந்த அதிகாரியும் கேட்பதில்லை. அயலூரில் தமிழ்க் குரல் கேட்டவுடன் நம் உள்ளம் குழைவது இயல்பு. தமிழில் பேசுபவனெல்லாம் உறவினன் அல்லன் என்பதை மறவாதீர்கள். கணக்கையும் அட்டையையும் வாடகைக்குக் கேட்பவனுக்கும் இணங்காதீர்கள். திருட்டுப் பணம் அதில் புகுந்தால் வழக்கு உங்கள்மீது வரும்.

பணம் போய்விட்டால் நாணி ஒடுங்குவது கூடாது. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடுவதற்குள் தடுத்து நிறுத்த அவ்வேற்பாட்டில் வழியுண்டு. ஆகையால் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புடையது. அடுத்து வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புதல் பெறுங்கள். 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிப்படி, நம் குற்றமும் வங்கியின் குற்றமும் இன்றிப் பிறரால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால், அது நம்மைச் சாராது. முப்பது நாட்களில் வங்கி தீர்வு தராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, குற்றம் எங்கு நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். “உங்கள் ஊரில் போய்ச் சொல்லுங்கள்” என்று நம்மைத் திருப்பியனுப்ப இயலாது.

அம் மூதாட்டியுடன் நம் அன்பர் ஒருவர் வங்கிக்குச் சென்று புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். ரசீது இல்லை, மாதங்களும் கடந்துவிட்டன. விசாரணை இன்னும் முடியவில்லை. இரண்டாயிரம் ரூபாய் நம்மில் சிலர்க்குச் சிறு தொகையாகத் தோன்றலாம். அது ஒரு சிறுமியின் பள்ளிக் கட்டணம்.

ஆகவே, படித்த அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விதழை மடித்து வைக்குமுன், உங்கள் வீட்டிற்கு வேலைக்கு வரும் அம்மையாருக்கும், அண்டை வீட்டுப் பெரியவருக்கும் இதனைப் படித்துச் சொல்லுங்கள். அவர்களுடைய பாஸ்புத்தகத்தை ஒருமுறை பதிந்து, வரி வரியாக வாசித்துக் காட்டுங்கள். அயலூரில் சங்கம் அமைத்து நாம் கூடியிருப்பது ஒருவர்க்கொருவர் துணையாவதற்கே அன்றோ?