உங்களுக்குத் தெரியுமா? புத்தளக் கரையோரத் தொழில்களும் தடுக்கக்கூடிய விபத்துகளும்

உப்பளம், இறால் பண்ணை, தும்பு மில், சீமெந்துத் தொழிற்சாலை, கரைவலை. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுவது இவைதான். இங்கே ஒருவருக்குக் கையோ உயிரோ போனால் “அவன் விதி” என்று சொல்லிவிட்டு, மறுநாளே அதே இயந்திரத்தை ஓட்டத் தொடங்கிவிடுகிறோம். அது விதியல்ல. காரணத்தைத் தேடிப் பார்த்தால், பெரும்பாலும் குறைந்த செலவில் சரிசெய்திருக்கக்கூடிய ஒன்றாகவே இருக்கும். முதலாளிமாரும் தொழிலாளரும் சேர்ந்து வாசிக்க வேண்டிய சில செய்திகள் இதோ.

நட்டஈடு செலவின் ஒரு பகுதிதான்
அமெரிக்கக் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹெயின்ரிக், 1931இல் தொழில் விபத்துகள் பற்றி ஒரு நூல் எழுதினார். நட்டஈட்டுக்கும் வைத்தியத்துக்கும் 1 ரூபாய் போனால், கண்ணுக்குத் தெரியாத வழிகளில் 4 ரூபாய் போகிறது என்பது அவருடைய கணக்கு. நின்றுபோன இயந்திரம், பழுதான சரக்கு, புதிய ஆளைப் பழக்கும் நாட்கள், தவறிப்போன ஓடர் எல்லாம் அந்த நாலு ரூபாயில் அடங்கும். இந்த விகிதம் தொழிலுக்குத் தொழில் மாறும். ஆனாலும் காப்புறுதி எடுத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்கும் முதலாளிக்கு, அந்த மறைந்த செலவைக் காப்புறுதி பெரும்பாலும் திருப்பித் தராது.

யார் பிழை என்பது முதல் கேள்வியல்ல
இலங்கையின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். வேலையின்போது, வேலை காரணமாகக் காயம் ஏற்பட்டால், முதலாளியின் பிழையை நிரூபிக்காமலே தொழிலாளி நட்டஈடு கேட்கலாம். “அவன்தான் கவனமில்லாமல் இருந்தான்” என்று சொல்லி மட்டும் தப்ப முடியாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்சவரம்பை 5,50,000 ரூபாயிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் அதில் சேர்க்கப்பட்டது.

மரண நட்டஈட்டைக் கையில் கொடுக்கக்கூடாது
தொழிலாளி இறந்துவிட்டால், நட்டஈட்டுப் பணத்தை வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிட வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் குடும்பத்திடம் ஒரு தொகையைக் கொடுத்து “பேசித் தீர்த்துவிட்டோம்” என்பது சட்டத்தின் கண்ணில் தீர்வல்ல. முழுத் தொகைக்கான பொறுப்பும் அப்படியே நிற்கும். அவரில் தங்கி வாழ்ந்த மனைவி, பிள்ளைகள், பெற்றோர் யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதும் ஆணையாளரின் வேலைதான்.

பட்டி கையைவிட வேகமானது
தும்பு மில்லில் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் பட்டியில் சட்டை நுனி சிக்கியது என்று வைத்துக்கொள்வோம். மனிதன் உணர்ந்து கையை இழுக்கக் கால் வினாடியாவது ஆகும். அதற்குள் பட்டி 1.25 மீட்டர் ஓடிவிடும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால்தான் இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு மூடி போட வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. சிக்கிய தும்பை எடுக்க வேண்டுமா? மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டுப் போட்டு, உள்ளே கை வைப்பவரே சாவியைத் தன் பையில் வைத்திருக்க வேண்டும். ஒரு பூட்டின் விலைக்கு ஒரு கை தப்பும்.

இறால் குளத்தில் 30 மில்லி அம்பியர்
இறால் குளங்களில் காற்றூட்டும் சக்கரங்கள் இரவு பகலாக மின்சாரத்தில் சுழல்கின்றன. உவர்நீர் நன்னீரைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். நனைந்த தோலும் தடுப்பாக நிற்காது. 100 வாட் குண்டு பல்ப் ஒன்று இழுக்கும் மின்னோட்டத்தில் பதினான்கில் ஒரு பங்குதான் 30 மில்லி அம்பியர். அதைவிடக் கொஞ்சம் கூடினாலே மூச்சும் இதயமும் நின்றுபோகக்கூடும். 30 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் ஒவ்வொரு பண்ணைக்கும் கட்டாயம் தேவை. அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் அரித்துப்போன சுவிட்ச், தேவைப்படும் நேரத்தில் விழாமல் போகலாம்.

கடலட்டையும் இரத்தத்தில் குமிழியும்
கற்பிட்டிக் கடலில் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்கும் சங்குக்கும் மூழ்குபவர்கள் இருக்கிறார்கள். 20 மீட்டர் ஆழத்தில் உடல்மீது இருக்கும் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் நைதரசன் வாயு இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் அது குமிழியாகி மூட்டுகளையும் முள்ளந்தண்டையும் தாக்கும். கால் வழங்காமலே போகலாம். படிப்படியாக நின்று மேலே வர வேண்டும் என்பதை ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1908இலேயே அட்டவணை போட்டுக் காட்டினார். இன்றைய பொதுவிதி, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பது. நாளுக்குப் பல தடவை இறக்கிவிடும் படகுக்காரர்களே இதற்கு முதலில் பொறுப்பாளிகள். படகில் ஒட்சிசன் சிலிண்டர் இருக்க வேண்டும். வலி வந்தவரை “இன்னொரு முறை இறங்கினால் சரியாகிவிடும்” என்று திரும்பக் கடலுக்குள் அனுப்பக்கூடாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

காப்பாற்றப் போனவர்களும் மடிகிறார்கள்
2018 ஏப்ரலில் ஹொரணை பெல்லபிட்டியவில், இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றின் தொட்டிக்குள் ஒரு தொழிலாளி விழுந்தார். காப்பாற்ற இறங்கியவர்களும் நச்சு வாயுவில் சிக்க, மொத்தம் ஐவர் இறந்தார்கள். மட்டை ஊறும் குழி, மீன்கழிவுத் தொட்டி, மூடிக் கிடந்த கிணறு எல்லாவற்றிலும் இதே ஆபத்து உண்டு. அழுகல் வாடை வரவில்லை என்று நம்பி இறங்க வேண்டாம். ஐதரசன் சல்பைட் செறிவு கூடும்போது மூக்கின் மோப்பத்தையே மரக்கச் செய்துவிடும். இறங்குபவரின் இடுப்பில் கயிறும், அதை வெளியே பிடித்திருக்க ஆளும், மேலே தூக்க முக்காலியும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

நிழல் இலாபம் தரும்
தமிழ்நாட்டு உப்பளங்களில் 350க்கும் மேற்பட்ட தொழிலாளரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 7 வீதமானோருக்குச் சிறுநீரகச் செயற்பாடு குறைந்திருந்தது தெரியவந்தது. பாலாவியிலும் உப்பு வாருபவர்கள் மேல் அடிப்பது அதே வெயில்தான். நிக்கரகுவா நாட்டின் கரும்பு ஆலை ஒன்று தண்ணீர், நிழற்கூடாரம், ஒழுங்கான இடைவேளை மூன்றையும் கட்டாயமாக்கியது. தொழிலாளரின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. செலவழித்த பணத்துக்கு 60 வீத ஆதாயமும் கிடைத்ததாக ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஓய்வு கொடுத்தால் வேலை கெடும் என்பவர்களுக்கு இதுவே பதில்.

ஐம்பது கிலோ மூட்டை
ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கிலோ, எல்லாம் வசதியாக இருக்கும்போதே 23 கிலோதான். நம் சீமெந்து மூட்டை 50 கிலோ. ஒரு தள்ளுவண்டியும், லொறியின் உயரத்துக்கு ஒரு மேடையும் பல முதுகுகளைக் காப்பாற்றும். ஈரச் சீமெந்து தோலை வேகவைக்கும் காரம் என்பதால் கையுறையும் பூட்ஸும் அவசியம்.

இழுபடும் கயிற்றின் நேரே நிற்காதீர்கள்
உடப்பிலும் கற்பிட்டியிலும் கரைவலை இழுக்க டிராக்டர் வின்ச் வந்தபின் ஆட்களின் பாரம் குறைந்தது. புதிய ஆபத்தும் வந்தது. நைலோன் கயிறு இழுபடும்போது நீண்டு, அறுந்தால் அடிக்கும் வேகத்தில் எலும்பையே முறிக்கும். கயிறு செல்லும் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. வின்சை நிறுத்தக் கைக்கெட்டிய தூரத்தில் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். சுழலும் உருளையில் கயிற்றைக் கையால் சுற்றவே கூடாது.

சோளகத்தோடு மல்லுக்கட்டாத திட்டம்
நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குக் கப்பலில் வரும் நிலக்கரியைக் கடல் கொந்தளிக்கும் சோளகக் காலத்தில் இறக்குவதில்லை. அமைதியான மாதங்களில் இறக்கிக் குவித்து, ஆண்டு முழுவதும் எரிக்கிறார்கள். வேலையை நிறுத்த வேண்டிய நாட்களையும் திட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டால், “எப்படியாவது முடி” என்று ஆளை ஆபத்துக்குள் தள்ளும் தேவை வராது. சிறு முதலாளிமாரும் பின்பற்றக்கூடிய பாடம் இது.

மூன்று நாள், ஒரு கொப்பி
தொழிற்சாலை விபத்தில் ஒருவர் இறந்தாலோ, மூன்று நாளுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு உழைக்க முடியாமல் போனாலோ, தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதைவிடப் பெரிய பயன், காயமில்லாமல் தப்பிய சம்பவங்களை எழுதிவைப்பதில் இருக்கிறது. ஒரு பெருங்காயத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும், காயமே இல்லாத 300 சம்பவங்களும் இருந்தன என்று ஹெயின்ரிக் எழுதினார். வழுக்கிய படி, தீப்பொறி பறந்த வயர், கழன்ற மூடி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதிய தொழிலாளியை ஏசாதீர்கள், நன்றி சொல்லுங்கள். வாரம் ஒருமுறை அதை வாசித்து ஒரு குறையையாவது திருத்தினால், நட்டஈட்டுச் செலவு தானாகக் குறையும். காலையில் வேலைக்கு வந்தவர் மாலையில் முழு உடம்போடு வீடு திரும்புவார். தொழில் நடத்தும் எவருக்கும் இதைவிடப் பெரிய கடமை இல்லை.