பெண்ணைக் கரையிலிருந்து வெள்ளிமலை வரை

கல்வராயன் மலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அருவியில் நீராடிவிட்டு அன்று மாலையே திரும்பிவிடுகிறார்கள். ஆனால், அம்மலை அமைந்துள்ள, 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிப் பிரதேசத்தைக் கண்ணாரக் காண இரண்டு தினங்களாவது வேண்டும்; அவற்றில் முதல் தினம் தென்பெண்ணைக் கரைக்கே உரியது.

திருக்கோவலூர் உலகளந்த பெருமாள் சந்நிதியில், அர்ச்சகர் காட்டும் தீபத்தின் ஒளி ஊன்றிய திருவடியில் விழுந்து, தூக்கிய திருவடியைத் தொடர்ந்து மெல்ல உயர உயர, நம் கழுத்தும் தானே நிமிர்கிறது. அத்தனை பெரிய திருமேனி மரத்தால் ஆனது என்பார்கள். பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் ஒரு மழையிரவில் நெருக்கி நின்ற இடைகழி இவ்வூரில்தான் என்பது வைஷ்ணவ மரபு. அருகே கீழையூரில் இருப்பது அட்ட வீரட்டங்களுள் ஒன்று. தம் நண்பன் பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் அக்கினிப் பிரவேசம் செய்தார் என்ற செய்தியை இராஜராஜன் காலத்துக் கல்வெட்டொன்று அங்கே காத்து வைத்திருக்கிறது. ஆற்றின் நடுவே, உச்சியில் ஒரு சிறு கோயிலைச் சுமந்து நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்று ஊரார் காட்டும்போது, நண்பனை இழந்தபின் அவன் மக்களுக்காக அரசர் வாசல்தோறும் அலைந்த அந்த வயோதிகப் புலவரை நினைத்து மனம் உருகாமலிருப்பது கடினம்.

மறுநாள் கச்சிராயபாளையம் வழியே, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் பாதையில் கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலைக்குப் போகலாம். பெரியார் அருவி சாலையோரத்திலேயே விழுகிறது; மேகம் அருவிக்குச் சற்று நடக்க வேண்டும். ஆனால், என் அபிப்பிராயத்தில், இம்மலையின் விசேஷம் அதன் ஜனங்களே. காஞ்சியிலிருந்து குடியேறியவர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லும் இம்மலையாளிகள், கேரளத்தோடு சம்பந்தமில்லாத தமிழர்கள். சடையகவுண்டன், குரும்பகவுண்டன், ஆரியகவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் ஆதிக்கத்தில் இருந்த இம்மலை, தேசம் சுதந்திரமடைந்து 29 ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது என்பதை அருவிக்கரையில் நிற்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

தை மாதத்து வெயிலில், பாறைமேல் கடுக்காய் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, விலை கேட்ட என் கையில் இரண்டு காய்களை வைத்து, “கொட்டைய எறிஞ்சிடு சாமி, தோலுதான் மருந்து” என்றாள். காசு வாங்க மறுத்துவிட்டாள்.