திறந்து பார்க்கத்தக்க யந்திரம்

புதுவையிலிருந்து மயிலம் செல்லும் சாலையில், வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டைக் கடக்கும்பொழுதெல்லாம், இந்நாட்டின் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஒரு காலத்தில் மேசைமீது வீற்றிருந்த எத்தனையோ கணினிகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பூட்டப்பெற்றவை என்ற நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை. எச்.சி.எல். நிறுவனத்தின் தொழிற்சாலை சேதராப்பட்டில் இருந்தது. தெற்கே, பாகூர்ப் பக்கத்துக் காட்டுக்குப்பத்தில் விப்ரோ கணினிகள் உருவாயின. லெனோவோவின் ஆலை புதுச்சேரியில் இன்றும் நடந்துவருவதோடு, ஆண்டொன்றுக்கு 50,000 செயற்கை நுண்ணறிவுச் சர்வர்களை அங்கே தயாரிக்கப்போவதாக 2024 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. தொழில்துறையில் பின்தங்கிய பிரதேசம் என்று புதுச்சேரிக்குக் கிடைத்த வரிச் சலுகைகளே இவர்களை இங்கே அழைத்து வந்தன. அத்தகைய சலுகைகள் பின்னர் உத்தராகண்டுக்குக் கிட்டியபொழுது ஆலைகள் அந்த மலைநாட்டின் அடிவாரத்திலும் எழுந்தன. 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எச்.சி.எல்லும் விப்ரோவும் கணினி செய்யும் தொழிலையே விட்டுவிட்டன. ஆயினும், ஒரு பெட்டியைத் திறந்து, உறுப்பு உறுப்பாகப் பூட்டி, ஓடவிட்டுப் பார்த்த கைகள் இக்கிராமங்களில் இன்னும் இருக்கின்றன என்பதை நான் ஒரு பெரிய செல்வமாகவே கருதுகிறேன்.

இவ்வளவையும் சொல்லக் காரணம், வில்லியனூரில் இருக்கும் என் சித்தி மகன் சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்து, “அண்ணே, வீட்டுக்கு ஒரு சிபியு வாங்கணும், கணக்கு வேலைக்கும் ஆகணும், பையன் சாயங்காலம் கொஞ்சம் கேம் ஆடுறதுக்கும் ஆகணும், என்ன வாங்கலாம்?” என்று கேட்டதுதான். (முழுப் பெட்டியையும் ‘சிபியு’ என்றே அழைப்பது நம் பக்கத்து வழக்கம், அந்தப் பெயர் உண்மையில் அதனுள்ளே இருக்கும் பிராசஸருக்கு மட்டுமே உரியது.) அரிசி ஆலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுவது அவன் ஜீவனம். மடிக்கணினி வாங்கினால் இடம் மிச்சம் என்று கடைக்காரர் அவனுக்கு யோசனை சொல்லியிருந்தார். என் அபிப்பிராயம் வேறு. நாளெல்லாம் ஒரே அறையில் அமர்ந்து வேலை செய்கிறவனுக்கு, ஓர் உறுப்பு பழுதானால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளவும், மகன் வளர வளரத் தேவையானதைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளவும் இடங்கொடுக்கும் மேசைக் கணினியே ஏற்றது. கொழு தேய்ந்தால் கொழுவை மாற்றுவோமே தவிர, கலப்பையையா எறிந்துவிடுகிறோம்?

விளையாட்டு என்றதும் கிராபிக்ஸ் கார்டில்தான் பணம் கொட்ட வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வேலரன்ட் போன்ற பிரசித்தமான ஆட்டத்துக்கே, அதை உருவாக்கியவர்கள் குறைந்தபட்சத் தேவையாகக் குறிப்பிடுவது பத்தாண்டுகளுக்கும் முந்தைய இன்டெல் எச்.டி. 4000 என்னும் உள்ளமைந்த கிராபிக்ஸைத்தான். ஆறு கோர்களும் நல்ல உள்ளமைந்த கிராபிக்ஸும் உடைய ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி போன்ற ஒரு பிராசஸர், கணக்கு வேலையைச் சிரமமின்றித் தாங்குவதோடு, மாலை நேரத்து ஆட்டத்துக்கும் ஈடுகொடுக்கும். ஆனால் இத்தகைய பிராசஸரின் கிராபிக்ஸ், தனக்கென்று நினைவகம் இல்லாமல் ரேமையே பங்கிட்டுக்கொள்வதனால், 16 ஜிபியை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபித் துண்டுகள் இரண்டாக வாங்கி இணையாகச் செருகவேண்டும். அப்பொழுது ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதை இரட்டிப்பாகி, ஆட்டத்தின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி உயர்கிறது. இன்டெல்லில் வாங்குவோர் ஓர் எழுத்தைக் கவனிக்கவேண்டும்: 12400 என்ற எண்ணை அடுத்து ‘எஃப்’ என்று இருந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது; விலை குறைவு என்று மகிழ்ந்து அதை வாங்கி வந்து, தனிக் கார்டு இல்லாமல் மானிட்டரில் ஒரு படமும் வராதபொழுது திகைப்பவர்கள் பலர். 2025-இன் இறுதியிலிருந்து ரேமின் விலை கடுமையாக ஏறியிருப்பதற்கு, செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் உலகத்து நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவிப்பதே முக்கிய காரணம். நம் ஊரில் தயாரிக்கப்போவதாகச் சொன்ன சர்வர்களின் இனத்தைச் சேர்ந்தவையே நம் வீட்டு ரேமின் விலையையும் ஏற்றுகின்றன. ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்எஸ்டியே வேண்டும் என்பதில் இன்று விவாதத்துக்கு இடமில்லை.

இனி, நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். பிராசஸரின் பெயரைக் கேட்டு வாங்குகிற நம்மவர்கள், எஸ்எம்பிஎஸ் என்ன என்று கேட்பதே இல்லை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி, பெட்டியிலுள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் அன்னம் அளப்பது அதுவே. கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயரற்ற எஸ்எம்பிஎஸ்மீது 450 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் அதை நம்புவதற்கில்லை. மாலையில் விளக்கு மங்குவதும், மழைக்காற்றில் மின்சாரம் போய்ப் போய் வருவதுமான கிராமங்களில், அத்தகைய மலிவு எஸ்எம்பிஎஸ் ஒரு நாள் எரியும்பொழுது மதர்போர்டையும் உடன் அழைத்துக்கொண்டு போவதுண்டு. என் பழைய கணினி அப்படித்தான் மாண்டது. அதை விற்ற கடையில், வாரண்டியில் அது வராது என்று கையை விரித்துவிட்டார்கள். அதிலே இருந்த மூன்று வருஷத்துக் கட்டுரைகளை மீட்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆகையால், பெயர்பெற்ற நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை, மின்சிக்கனத்துக்கான ‘80 பிளஸ்’ முத்திரை பார்த்துத் தனியே வாங்கச் சொன்னேன்; நாளை மகனுக்காக ஒரு கிராபிக்ஸ் கார்டு சேர்க்க நேர்ந்தாலும் அதுவே போதும்.

அதனினும் முக்கியமானது எர்த். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீரென்று ஏறுகிறதே, அது பெட்டியின் குற்றம் அன்று. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்டுவதற்காக வைத்த கெப்பாசிட்டர்கள் வழியே கசியும் சிறு மின்சாரம், எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போகவேண்டியது, போக வழியின்றி உலோகப் பெட்டியிலேயே தங்கி நிற்பதன் அடையாளம். பழைய வீடுகளில் மூன்று துளைப் பிளக் இருக்கும். மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பியே இராது. என் தம்பி வீட்டிலும் அதுவே நிலை. எலக்ட்ரீஷியனை அழைத்து, கொல்லையில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் இட்டு நிரப்பி எர்த் இழுத்த பிறகே கணினி வாங்க இசைந்தேன். யுபிஎஸ் விஷயத்திலும் ஒரு தெளிவு வேண்டும்: 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் அளவே தாங்கும், அதுவும் செய்த வேலையைச் சேமித்து முறையாக அணைப்பதற்கான சில நிமிஷங்களுக்குத்தான். வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்கள் அதை ‘யுபிஎஸ் மோடு’க்கு மாற்றி வைத்தால், மின்சாரம் போகும் கணத்தில் கணினி அணைந்து எழுவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட பழைய மெல்லிய கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. கணக்கு வேலைக்கு மட்டும் என்றால் அவை மோசமில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டபடியால், விண்டோஸ் 11 பொதுவாக ஏற்காத, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை வாங்குவது வீண். அந்தக் குறுகிய பெட்டிகளில் பெரிய கிராபிக்ஸ் கார்டுக்கு இடமும் இராது, சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸும் பொருந்தாது.

கடைசியில் தம்பி வாங்கியது கடையில் அசெம்பிள் செய்த பெட்டி. பூட்டும்பொழுது பையனைப் பக்கத்தில் நிறுத்தவேண்டும் என்பது மட்டுமே நான் இட்ட நிபந்தனை. விளையாட்டைக் கல்விக்குப் பகை என்று எண்ணி அஞ்சும் பெற்றோரின் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும், தான் ஆடும் யந்திரத்தின் உள்ளுறுப்புகளைக் கையால் தொட்டு அறிந்த பிள்ளைக்கு அது வெறும் திரையாக மட்டும் இராது என்று மனப்பூர்வமாக நம்புகிறேன்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள் என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியதையும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் வயல்களை மூழ்கடித்ததையும் பார்த்த வீடு அது. இடுப்புயரத்துக்குச் சிமெண்டுத் திண்ணை கட்டி அதன்மேல் வைத்திருக்கிறார்கள். சூளைப் புழுதி மிகுந்த ஊராதலால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, விசிறியைப் பெயிண்டு பிரஷால் துடைக்கிறான். சென்ற முறை நான் போயிருந்தபொழுது, கிராபிக்ஸ் கார்டு செருகுவதற்காகக் காலியாக விட்டிருந்த நீண்ட துளையை எனக்குக் காட்டி, “பெரியப்பா, இது எனக்காக வெச்ச இடம்” என்றான்.