பலர்க்குரிய நிலமும் வழக்கின் உரிய தரப்பினரும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது அந்நாட்டு மக்களின் நெடுநாள் மரபு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவி கரைகளைப் பிரித்ததேயன்றிக் குடும்பங்களைப் பிரிக்கவில்லை. வீடும் தென்னந்தோட்டமும் எழுவான்கரையிலும், வயல் படுவான்கரையிலுமாக வாழ்ந்த குடும்பங்கள் பலவாகும். வயலை உடையவர் ஒரு கரையில் இருப்பார். மறு கரையில் முல்லைக்காரரோ குத்தகைக்காரரோ நின்று அதனைச் செய்கைபண்ணுவர். எனவே, நிலத்தில் நிற்பவர் ஒருவர், உறுதியிற் பெயர் நிற்பவர் இன்னொருவர் என்பது இங்கு இயல்பான நிலையாயிற்று.

இத்தகைய நிலத்தில் வழக்கெழும்போது, 'உரிமை யாருக்கு?' என்னும் வினாவுக்கு முன்னதாகவே மற்றொரு வினா எழுகின்றது: வழக்கைத் தொடுக்கத் தக்கவர் யார்? யார்மேல் தொடுப்பது? இது சட்டத்தரணியின் எழுதுவினைஞர் தீர்த்துக்கொள்ளும் சிறு கருமமெனக் கருதுவோர் உளர். அக்கருத்துப் பிழையானது. பத்தாண்டு நடந்து வெற்றியிலே முடிந்த வழக்கும், தரப்பினர் பிழைத்தமையால், வென்றவர் கையில் வெறுங்கடதாசியாகிவிடக் கூடும்.

முதலில் வீட்டளவில் நோக்குவோம். மட்டக்களப்பிலே தாய்வழி உரிமை வேரூன்றியிருந்தமை யாவரும் அறிந்தது. முதுசச் சொத்து உடன்பிறந்தாளின் மக்களுக்குச் செல்லும் முறையினை முக்குவர் சட்டம் வகுத்திருந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாகவுரிமை, மரபுரிமைக் கட்டளைச்சட்டம் வந்தபின் அச்சட்டம் வழக்கொழிந்தது. ஆயினும் வீடும் வயலும் சீதனமாகப் பெண்வழியே செல்லும் வழக்கம் ஒழியவில்லை. ஊரெல்லாம் 'போடியாரின் வயல்' என்று சொல்லும் நிலம் உறுதியிலே போடியாரின் மனைவி பெயரிலும், சிலவேளை மாமியார் பெயரிலும் இருக்கும். போடியார்மேல் மட்டும் வழக்கிட்டு உரித்துத் தீர்ப்புப் பெற்றவர் அந்நிலத்தின் உடைமையாளரை நீதிமன்றத்துக்கு அழைக்கவேயில்லை என்பதைப் பின்னரே காண்பர். மட்டக்களப்புத் தமிழர் தேசவழமைக்குட்பட்டவரல்லர்; பொதுச்சட்டத்துக்கே உட்பட்டவர். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச்சட்டத்தின்படி, மணமான பெண் கணவனைச் சேர்க்காமலே தன் பெயரில் வழக்கிடலாம். அவள்மேலும் அவ்வாறே வழக்கிடலாம். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண்ணின் நிலவழக்கிலோ கணவனும் தரப்பினனாதல் வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்குரையினைப் பார்த்துப் படியெடுத்து மட்டக்களப்பில் எழுதுவோரும், மட்டக்களப்பு வழக்குரையை யாழ்ப்பாணத்திற் பின்பற்றுவோரும் இங்கு ஒருங்கே இடர்ப்படுவர்.

வீட்டைவிட்டுக் கோயிலுக்கு வந்தால் சிக்கல் பன்மடங்காகின்றது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயில், மண்டூர் முருகன் கோயில், திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் முதலியன தனியொருவருக்கோ தனியொரு குடும்பத்துக்கோ உரியன அல்ல. தேசத்துக் கோயில்கள் எனப்படுவன. இப்பகுதிக் கோயில்களிற் குடிமுறையும் வண்ணக்கர் முறையும் நிலவுகின்றன. இன்ன குடிக்கு இன்ன உரிமை, இன்ன நாளின் திருவிழா இன்ன ஊருக்கு என்ற ஒழுங்குகள் எழுதப்படாத சட்டமாகப் பேணப்பட்டு வந்தன. கோயிலுக்கு மானியமாக விடப்பட்ட வயலொன்றை அயலவர் ஒருவர் தம்முடையதென்று வேலியடைத்துக் கொண்டாரென வைத்துக்கொள்வோம். அவர்மேல் வழக்கிடுவது யார்? கோயிலா? கடவுளா? வண்ணக்கரா? குடிமக்கள் அனைவருமா?

இந்தியாவில் இவ்வினாவுக்கு ஒரு விடை உண்டு. அங்குக் கோயில் மூர்த்தி சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். சொத்தை உடையவராகவும் வழக்கிடுபவராகவும் இருக்கத்தக்கவர். 1925இல் இலண்டன் கோமறைக்கழகம் வங்காளத்து மல்லிக் குடும்ப வழக்கில் இதனை வலியுறுத்தியது. இலங்கைச் சட்டம் அவ்வழியிற் செல்லவில்லை. இங்கே இந்துக் கோயிற் சொத்து 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப்பொறுப்புக் கட்டளைச்சட்டத்தின் கண்கொண்டே நோக்கப்படுகின்றது. சொத்தின் சட்டவுரித்துத் தருமகர்த்தாவிடம் உள்ளது. அதன் பயன் வழிபடுவோர்க்குரியது. ஆகவே 'இன்ன கோயில்' என்று மட்டும் வாதியின் பெயரை எழுதிவிட்டால் அங்கே வாதி எவருமில்லை. தருமகர்த்தாக்களே வழக்கிடுதல் வேண்டும். அவர்கள் பலராயின் அனைவரும் சேர்தல் வேண்டும். ஒருவர் சேர மறுத்தால், அவரை விட்டுவிடாது பிரதிவாதியாகச் சேர்ப்பதே முறை. மூன்று குடிகளுக்கு மூன்று வண்ணக்கர் உள்ள கோயிலில் இருவர் மட்டும் வழக்கிட்டு மூன்றாமவரை மறந்தால், எதிர்த்தரப்பின் முதல் மறுப்பு அங்கேயே பிறக்கும். குடிப்பூசல் உள்ள இடத்தில் அம்மூன்றாமவர் மறக்கப்படுதல் பெரும்பாலும் மறதியால் நிகழ்வதன்று.

வண்ணக்கர் தருமகர்த்தாவேயா, அன்றிப் பொருளைக் காப்பவர் மட்டுந்தானா என்பதும் ஒரு வினா. எழுத்துச் சாசனம் கிடையாத பழங்கோயில்களில் இது எளிதில் தீர்வதன்று. அக்கட்டளைச்சட்டத்தின் 106ஆம் பிரிவு, வழிபாட்டிடத்தின் அமைப்பையும் பொறுப்புரிமை செல்லும் வழியையும் துணியும்போது சமயச் சட்டத்தையும் தலத்து வழக்கத்தையும் நீதிமன்றம் கருத்திற்கொள்ளல் வேண்டுமென்கின்றது. முறையான சாசனம் இல்லாமையால் மட்டும் நீதிமன்றத்தின் கை கட்டப்பட்டதாகாது என்பது 107ஆம் பிரிவு. எனவே குடிமுறை பற்றிய பழைய ஏடுகளும் கல்வெட்டுப் பாடல்களும் இலக்கியப் பொருளாதலோடு சான்றுப் பொருளாதலும் உண்டு. 1962இல் அச்சேறிய மட்டக்களப்பு மான்மியத்தையும் 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழக'த்தையும் இந்நோக்கிலும் படிக்கலாம்.

தருமகர்த்தாவே சொத்தைப் பிறழக் கையாண்டால் என் செய்வது? அவர்மேல் அவரே வழக்கிடார். அதற்காகவே 102ஆம் பிரிவு, சமய நம்பிக்கைப்பொறுப்பில் அக்கறையுடைய ஐவர், மற்றையோரைச் சேர்க்காமலே வழக்கிட வழிவகுத்தது. ஆயின் அவ்வைவரும் நேரே நீதிமன்றம் செல்ல இயலாது. முதலில் அரசாங்க அதிபருக்கு மனுக்கொடுத்து விசாரணைப்படியைக் கடத்தல் வேண்டும். அப்படியைத் தாண்டிக் குதித்தவர்கள் நியாயம் தம் பக்கம் இருந்தும் வீழ்ந்தனர்.

இனிப் பலர் சேர்ந்த தரப்பு. ஊர்ச்சங்கம், விளையாட்டுக் கழகம், பதிவுபெற்றும் கூட்டிணைக்கப்படாத சபை ஆகியவற்றுக்குச் சட்டத்தில் ஆள்தன்மை இல்லை. அவை தம் பெயரால் நிலத்துக்கு வழக்கிடவும் முடியாது. அவற்றின் பெயர்மேல் வழக்கிடவும் முடியாது. முந்நூறு குடும்பத்தாரையும் தனித்தனியே தரப்பினராக்குதலோ நடவாத காரியம். இவ்விடத்தில் உதவுவதே 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 16ஆம் பிரிவு. பொதுவான அக்கறையுடையோர் பலராக இருக்குமிடத்து, அவருள் ஒருவரோ சிலரோ நீதிமன்றத்தின் அனுமதியோடு எல்லார்க்குமாக வழக்கிடலாம். எல்லார் சார்பிலும் வழக்கிடப்படவும் எதிர்வாதம் புரியவும் செய்யலாம். அவ்வழக்கின் அறிவித்தல், விண்ணப்பித்தவர் செலவில், அக்கறையுடையோர் அனைவருக்கும் நேரிற் சேர்ப்பிக்கப்படல் வேண்டும்; தொகை பெரிதாயின் பகிரங்க விளம்பரமாக வெளியிடப்படல் வேண்டும்.

அனுமதி, அறிவித்தல் என்னும் இவ்விரண்டையும் வெறுஞ்சடங்கென எண்ணுவோர் பலர். அவற்றின் பொருளை உணரக் கேட்கவேண்டிய வினா ஒன்றே: நீதிமன்றத்துக்கே வராத ஒருவனை அதன் தீர்ப்புக் கட்டுப்படுத்துவது எங்ஙனம்? தன் பொருட்டு இன்னார் வழக்காடுகின்றார் என்பதை அவன் அறியவும், 'அவர் எனக்காகப் பேசத் தக்கவரல்லர்' என்று வந்து சொல்லவும் வாய்ப்பளிக்கப்பட்டது என்பதே விடை. அவ்வாய்ப்பு அளிக்கப்படாதவிடத்து, தீர்ப்பு வழக்காடிய நால்வரை மட்டுமே கட்டும். ஊர்மக்கள்மேல் தடைக்கட்டளை பெற விரும்பி, அனுமதி பெறாது நால்வரை மட்டும் பிரதிவாதிகளாக்கியவர் தீர்ப்பன்றே வெற்றிவிழாக் கொண்டாடலாம். மறுநாட்காலை ஐந்தாமவர் மண்வெட்டியுடன் வந்து வரம்பில் நிற்பார். அவரிடம் காட்டுதற்கு வென்றவர் கையில் யாதுமிராது.

இந்தியக் கோவையிலும் இதேபோன்ற விதி உண்டு. இலங்கைக் கோவை அங்கிருந்து பலவற்றை எடுத்தாண்டது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற குமாரவேலுச் செட்டியார் எதிர் இராமசுவாமி ஐயர் என்னும் வழக்கில், 1933இல் கோமறைக்கழகம் இதனைத் தெளிவாக்கியது. பலர்க்காக நடத்தப்பட்டதாகச் சொல்லப்படும் முந்திய வழக்கிலே விதித்த அனுமதியும் அறிவித்தலும் கைக்கொள்ளப்படாவிடின், அதன் தீர்ப்பு மற்றையோரைப் பின்னைய வழக்கிலே தடுக்கமாட்டாது என்பதே முடிவு.

இவ்விதியின் வலிமையை உலகறியக் காட்டியது அயோத்தி நிலவழக்கு. அதன் சமய, அரசியற் பக்கங்கள் இங்கு வேண்டுவனவல்ல. தரப்பினர் பற்றிய பகுதி மட்டும் நோக்கத்தக்கது. 1885இல் மகந்த் இரகுபர்தாஸ் என்பார் அவ்விடத்து மேடையிற் கோயில் கட்ட உரிமை கோரி வழக்கிட்டுத் தோற்றார். ஒரு நூற்றாண்டு கழிந்தபின், அத்தோல்வி இந்துக்கள் அனைவரையும் கட்டுப்படுத்துமென்ற வாதம் எழுந்தது. இந்திய உயர்நீதிமன்றம், 2019 நவம்பர் 9ஆம் நாளின் தீர்ப்பில், அவர் பிறர் சார்பாளராக வழக்காடவில்லையாதலின் அத்தோல்வி அவரளவில் நின்றதெனக் கூறி அவ்வாதத்தை ஏற்கவில்லை. மறுபுறத்தே 1961இற் சுன்னி வக்பு சபையும் அயோத்தி வாழ் முஸ்லிம்கள் சிலரும் தொடுத்த வழக்கோ அனுமதி பெற்றுப் பலர் சார்பு வழக்காகவே நடத்தப்பட்டது. 1989இல் மூர்த்தியின் பெயராலும் பிறப்பிடத்தின் பெயராலும் தொடுக்கப்பட்ட வழக்கில், மூர்த்தி சட்டத்தில் ஓர் ஆள் என ஏற்கப்பட்டது. நிலமே ஓர் ஆள் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை.

16ஆம் பிரிவுக்கும் ஓர் எல்லை உண்டு. பொது அக்கறை இருத்தல் வேண்டும். நூறு பேர் நூறு உறுதியால் நூறு துண்டு நிலத்தைத் தனித்தனி கோருவராயின், அவர்கள் ஒரே ஊரார் என்பதால் மட்டும் அக்கறை பொதுவாகிவிடாது. சுடலை, மேய்ச்சல் தரை, கோயில் வீதி, வாவிக்குச் செல்லும் பாதை போன்றவற்றிலே அது பொதுவாகும்.

தரப்பினர் பிழையால் வழக்கு முற்றும் அழியுமோ எனின், அழியாது. சேர்க்கத்தகாதவரைச் சேர்த்ததனாலோ சேர்க்கத்தக்கவரை விட்டதனாலோ வழக்குத் தோற்றுவிடாது என 17ஆம் பிரிவும், தரப்பினரை நீக்கவும் சேர்க்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு என 18ஆம் பிரிவும் கூறுகின்றன. இவ்விரண்டையும் படித்துவிட்டு, 'பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்' என அமைவோர் 17ஆம் பிரிவின் மறுபாதியைப் படித்தவரல்லர். நீதிமன்றம் தன்முன் உள்ள தரப்பினரின் உரிமையளவிலேயே விடயத்தைத் தீர்க்கும் என்பது அம்மறுபாதி. வழக்கு உயிரோடிருக்கும், பயன் குறைந்துவிடும்.

கூட்டுரிமை நிலத்தைப் பிரிக்கும் வழக்கு இவற்றினின்றும் வேறானது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டம், வாதி தாமறிந்த உரிமையாளரையும் உரிமை கோருவோரையும் ஒருவர் விடாது சேர்த்தல் வேண்டுமென்கின்றது. அத்தீர்ப்பு, ஒருசில விலக்குகள் நீங்கலாக, வராதவரையும் கட்டும். விடுபட்டவருக்குப் பெரும்பாலும் எஞ்சுவது நட்டஈடு கோரும் வழியே. ஆதலால் வழக்குப் பதிவும் நில அளவையாளரின் வருகையும் அலட்சியப்படுத்தத்தக்கன அல்ல. கோயில் வயலை அயலிலுள்ள கூட்டுரிமையாளர் தம் காணியோடு சேர்த்து அளப்பித்தால், வண்ணக்கர் அன்றே எழுந்து இடைத்தரப்பினராதல் வேண்டும்.

எதிரே நிற்பது அரசாயின் வழி மீண்டும் மாறுகின்றது. வாவிக்கரைச் சேற்றுநிலமும் காட்டோரத் தரிசும் பெரும்பாலும் அரச காணிகள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர் நிலத்தில் இருப்பவரேயன்றி உரித்தாளரல்லர். அவர்மேல் மட்டும் உரித்து வழக்கிடுவதாற் பயனில்லை. அரசுக்கெதிரான வழக்குச் சட்டமா அதிபர்மேல், ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து, தொடுக்கப்படல் வேண்டும். பிரதேச செயலாளரைப் பெயரிட்டுவிட்டால் அரசைப் பெயரிட்டதாகாது. பொது அதிகாரியை அவர் கடமையைச் செய்யுமாறு பணிக்கும் ஆணை கோரும் மனுவிலோ நிலைமை நேர்மாறு. 1963இல் நாவலப்பிட்டி நகரசபைத் தலைவர் பற்றிய ஹனீபா வழக்கில், அத்தகைய ஆணை பதவிப்பெயருக்கன்றிப் பதவியிலுள்ள ஆளுக்கே விடுக்கப்படல் வேண்டுமென உயர்நீதிமன்றம் தீர்த்தது.

படுவான்கரைக்கு அப்பாலுள்ள மயிலத்தமடு–மாதவணை மேய்ச்சல்தரைப் பிணக்கில் இச்சிக்கல்கள் யாவும் ஒருங்கே காணப்படுகின்றன. 2023இற் சித்தாண்டியிற் பண்ணையாளர் தொடர்போராட்டம் தொடங்கியபோது அது நாடறிந்த செய்தியாயிற்று. மேய்ச்சல் உரிமை கோருவோர் பலர். ஆகவே அவர்கள் சார்பாளரைத் தெரிதல் வேண்டும். நிலத்தை உழுவோரும் பலர். நிலத்தின் ஆட்சியோ 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தாற் கூட்டிணைக்கப்பட்ட மகாவலி அதிகாரசபையிடம் உள்ளது. உழுவோரை மட்டும் எதிர்த்தால் ஆட்சியுடையவர் கட்டுப்படார். அதிகாரசபையை மட்டும் எதிர்த்தால், தம்மைக் கேளாது தீர்த்தனர் என உழுவோர் சொல்ல இடமுண்டு.

இவற்றுக்கெல்லாம் பின்னால் காலம் ஓடிக்கொண்டிருக்கின்றது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, பத்தாண்டு தடையற்ற எதிர் ஆட்சி தனியார் நிலத்தில் உரித்தாகின்றது. பிழையானவர்மேல் வழக்காடிக் கழித்த ஆண்டுகள் உண்மை எதிரியின் கணக்கிற் சேரும். அரசுக்கெதிராக இவ்வுரித்து எழாது. தருமச் சொத்தை மீட்கும் கோரிக்கையையும், சில வரையறைகளுக்குட்பட்டு, 111ஆம் பிரிவு காக்கின்றது. கூட்டுரிமையாளருள் ஒருவரின் ஆட்சி ஏனையோரின் ஆட்சியாகவே கொள்ளப்படும். வெளிப்படையாக அவர்களை விலக்கியமை காட்டப்பட்டாலன்றிப் பத்தாண்டு தொடங்காது என்பது 1911இற் கோமறைக்கழகம் கொறியா எதிர் அப்புகாமி வழக்கில் நிலைநாட்டிய விதி. போரால் நிலத்தைவிட்டகன்று வழக்கிட இயலாதிருந்தோர் பொருட்டு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிற் கொள்ளாதுவிட 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது.

1978 நவம்பர்ச் சூறாவளியிலும் 2004 திசெம்பர் ஆழிப்பேரலையிலும் பல குடும்பங்களின் உறுதிகள் நீரோடு போயின. அவற்றின் படிகளைக் காணிப் பதிவகத்தில் தேடிப் பெறலாம். வழக்குரையின் தலைப்பில் ஒரு பெயரையேனும் எழுதுமுன் அங்குச் சென்று, நிலத்தின் பக்கத்தைப் புரட்டி, இறுதியாகப் பதியப்பட்ட உரித்தாளர் யார், அவர் உயிரோடுள்ளாரா, அவர் வழிவந்தோர் எக்கரையில் உள்ளனர் என்று அறிந்துகொள்ள ஒரு பகற்பொழுது போதும்.