வெண்டிக்காய் வெள்ளியும் பசைத்தாளும்

எமது வீட்டுத் தகரப் பெட்டிக்குள் ஒரு வாழ்த்து மடல் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, எம்மோடு கூடவே நடந்த பக்கத்து வீட்டு ஆச்சி அந்த மார்கழியில் செய்து தந்தது அது. கொப்பியின் பின்மட்டையை இரண்டாக மடித்து, உள்ளே கோடு போட்ட தாளை ஒட்டி, வெளியே மூன்று வெள்ளிகளைக் குத்தியிருந்தார். வெள்ளிகள் வேறொன்றுமில்லை, குறுக்கே வெட்டிய வெண்டிக்காயை உடுப்புக்குப் போடும் நீலத்தில் தோய்த்து அமத்தியவை. கீழே மஞ்சளைக் குழைத்து ஒரு நெற்கதிர். பத்திரிகைகள்கூடக் கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சான காலம் அது. பல வருடங்கள் அதைச் சுவரில் குத்தி வைத்திருந்தோம். நீல வெள்ளிகள் மூன்றும் இன்றும் இருக்கின்றன. கதிர் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. இதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

வாழ்த்து மடல் செய்து வயிறு வளர்க்கலாம் என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பவேண்டாம். கைத்தொலைபேசியில் வாழ்த்து வந்து விழுகின்ற காலத்தில் மடல் வாங்குவோர் குறைவு. ஆயினும் கையால் செய்த மடலை விரும்பித் தேடுவோரும் இருக்கிறார்கள்: வெளிநாட்டு உறவினர், ஆலயச் சந்தைக்கு வருவோர், உல்லாசப் பயணிகள், சில அலுவலகங்கள். காணி இல்லாமல் கை சும்மா இருக்கும் மாதங்களில் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்துச் செலவை இதனால் ஈடுசெய்யலாம். விற்காவிட்டாலும், பிரிந்து போன சொந்தக்காரருக்கு ஒரு செய்தி போய்ச் சேரும்.

அகதிகள் செய்த தாள்

கோலத்தாள் ஒட்டிய மடல்தான் முதலில் கண்ணை இழுக்கும். கடையில் வாங்கும் பரிசுத்தாளை ஒட்டலாம். ஆனால் அதே தாள் ஊரெல்லாம் இருக்கும். நாமே செய்யக்கூடியது பசைத்தாள். இதற்கு ஒரு கதை உண்டு.

1722இல் மொறாவியாவில் தமது நம்பிக்கைக்காகத் துன்புறுத்தப்பட்ட சில குடும்பங்கள் எல்லை கடந்து ஜேர்மனியின் சக்சனிப் பகுதிக்கு வந்து, சின்சென்டோர்ஃப் என்ற பிரபுவின் காணியில் குடியேறின. மரம் தறித்து அவர்கள் அமைத்த ஊரின் பெயர் ஹெர்ன்ஹூட். அவ்வூரில் மணமாகாத பெண்கள் கூடிவாழ்ந்த இல்லத்தில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாப்பசையில் நிறம் கலந்து தாளில் பூசி, அதன்மேல் விரலாலும் சீப்பாலும் கோலம் இழுத்தார்கள். புத்தகம் கட்டுவோர் அதை மட்டைகளுக்கு ஒட்டினார்கள். ஊரின் பெயராலேயே அத்தாள் அறியப்பட்டது. ஊர் விட்டு வந்தவர்களின் குடியிருப்பில், சமையலறை மாவை வைத்துச் செய்த தாள் அது!

செய்முறை எளிது. கோதுமை மா ஒரு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு. மாவை முதலில் கொஞ்சப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீரைச் சேர்த்து, மெல்லிய நெருப்பில் கிண்டிக்கொண்டே இருங்கள். வெண்மை மாறிக் கண்ணாடி போல வந்ததும் இறக்கித் துணியில் வடித்து ஆறவிடுங்கள். தயிர்ப் பதம் போதும். நிவாரண மாவை இதற்குக் கரைக்க மனம் வரவில்லை என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது நியாயமே. மரவள்ளிக் கிழங்கைத் திருவித் தண்ணீரில் பிழிந்தால் அடியில் படியும் மாவும் இதற்கு உதவும். ஒரு சிரட்டை மாவில் செய்த பசை ஒரு நாள் வேலைக்குத் தாராளம்.

பசையைச் சிரட்டைகளில் பிரித்து நிறம் சேருங்கள். போஸ்டர் நிறம் நல்லது. அதைவிட மலிவானது சீமெந்து நிலத்துக்குப் போடும் சிவப்புத் தூள். அது வெயிலுக்கு மங்காது. ஆச்சியின் நீலமும் அப்படியே. மஞ்சள் மட்டும் வேண்டாம். அன்று குத்தியபோது பளிச்சென்று இருக்கும், வெளிச்சம் பட்டால் சில மாதத்தில் ஓடிவிடும். பீற்றூட் சாறும் அதே கதிதான். வீட்டுக்குச் செய்வதென்றால் பாதகமில்லை, விற்கும் மடலில் போட்டால் அடுத்த வருடம் வாங்கியவர் திரும்பி வரமாட்டார்.

தாளை ஈரத்துணியால் இரு பக்கமும் துடைத்துப் பலகையில் விரியுங்கள். காய்ந்த தாளில் பசை பூசினால் அது அலை அலையாக எழும். அகலத் தூரிகையால் நிறப்பசையை ஒரே சீராகப் பூசி, ஈரம் இருக்கும்போதே கோலம் இழுங்கள். பல் உடைந்த சீப்பு, முள்ளுக்கரண்டி, பிளாஸ்ரிக் போத்தலில் வெட்டியெடுத்துப் பல் வைத்த துண்டு, எதுவானாலும் சரி. நீள இழுத்துப் பிறகு குறுக்கே வளைத்து இழுத்தால் பாய் பின்னல் போல வரும். பிழைத்தால் மறுபடி தூரிகையைப் போட்டு அழித்துவிட்டு இழுக்கலாம், தாள் கிழியும்வரை! பசை பூசிய இரண்டு தாள்களை முகத்தோடு முகம் வைத்துத் தடவி மெதுவாகப் பிரித்தால் இலை நரம்பு போன்ற கோலம் தானே விழும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். நிழலில் காயவைத்து, இரவு பாரத்தின் கீழ் வையுங்கள்.

பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் துருசு போடுவது புத்தகம் கட்டுவோரின் பழைய வழக்கம். துருசு நஞ்சு. பிள்ளைகள் இருக்கும் ஒற்றை அறை வீட்டில் அதைத் தொடவேண்டாம். பசையை அன்றன்று செய்து, தாளை நன்றாக உலர்த்தினாலே போதும்.

அச்சுகள்

முதல் அச்சைத் தோட்டத்திலேயே எடுக்கலாம். வெண்டிக்காய் வெள்ளியைத் தரும். பாவற்காயின் குறுக்கு வெட்டு நெளிந்த வளையம் தரும். வாழை மடலின் காம்பைக் குறுக்கே வெட்டினால் பிறை வடிவில் சின்னச் சின்ன அறைகள் தெரியும். யப்பானில் புதுவருட மடல்களுக்கு வற்றாளைக் கிழங்கில் படம் செதுக்கிக் குத்துவது வீட்டு வழக்கமாக இருந்து வந்தது. எமக்கும் வற்றாளை கிடைக்கிறது. கிழங்கை ஒரே வெட்டில் பாதியாக்கி, முகத்தைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். கத்தி இடையில் நின்றால் முகம் மேடு பள்ளமாகி அச்சு பாதிதான் விழும். படத்தைச் சுற்றிக் கால் அங்குல ஆழத்துக்குச் சீவி எடுங்கள். இந்த அச்சு ஒரு நாளைக்குத்தான், மறுநாள் சுருங்கிவிடும்.

நிலைத்து நிற்கும் அச்சு வேண்டுமென்றால் சைக்கிள் திருத்தும் கடைக்குப் போங்கள். எறியப்படும் ரியூப் துண்டில் இலை, கதிர், பானை, விளக்கு என்று கத்தரிக்கோலால் வெட்டி, முகத்தை அரத்தாளால் தேய்த்து, ஒட்டுப் போடும் சொலூசனால் மரத்துண்டில் ஒட்டினால் பல நூறு தடவை குத்தலாம். தேய்ந்த இறப்பர்ச் செருப்பின் அடியும் உதவும். அதில் பிளேட்டால் நுண்ணிய கோடுகள் கீறலாம்.

எழுத்து அச்சுத்தான் பலரையும் ஏமாற்றுவது. குத்தும்போது இடம் வலமாக மாறும் என்பதை மறந்து 'பொங்கல்' என்று நேராகச் செதுக்கிவிடுவார்கள். மெல்லிய தாளில் கருமையான பென்சிலால் எழுதி, எழுதிய பக்கத்தைச் செருப்பு இறப்பரின்மேல் கவிழ்த்துத் தேய்த்தால் எழுத்து தலைமாறிப் பதியும். அதையே செதுக்கலாம். ஆனால் 'ழ்', 'த்து' போன்றவற்றின் வளைவுகள் கையை வெட்டவைக்கும். என் யோசனை, படத்தை அச்சால் குத்தி, எழுத்தைப் பேனையால் எழுதுவதே.

மைக்குத் தட்டில் நான்கு மடிப்புப் பழந்துணி போட்டு நிறத்தை ஊறவிடுங்கள். அச்சை நிறத்தில் நேரே தோய்த்தால் வழியும். பழந்தாளில் ஒரு முறை குத்திவிட்டு, இரண்டாவதை மடலில் குத்துங்கள்.

ஒரு மடல் குறைந்தாலும்

பிறிஸ்டல் மட்டை பெரும்பாலும் 22க்கு 28 அங்குலத்தில் வரும். மடல் விரித்த நிலையில் 7க்கு 5½ அங்குலம், மடித்தால் 3½க்கு 5½ என்று வைத்துக்கொள்வோம். 28 அங்குலப் பக்கத்தில் ஏழு ஏழாக நான்கும், 22 அங்குலப் பக்கத்தில் 5½ வீதம் நான்குமாக வெட்டினால் 16 மடல் வரும், துளியும் வீணாகாது. ஆனாலும் நான் அப்படி வெட்டுவதில்லை. மட்டைக்கும் மரத்தைப் போல நார் ஓட்டம் உண்டு. ஓட்டத்தோடு மடித்தால் வழுவழுவென்று மடியும். குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்து உள்நார் தெரியும். மட்டையை இரு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள், இலகுவாக வளையும் வாட்டமே ஓட்டம். ஓட்டம் 28 அங்குலப் பக்கமாக இருந்தால், 22 அங்குலத்தில் 7 வீதம் மூன்றும், 28 அங்குலத்தில் 5½ வீதம் ஐந்துமாக வெட்டுங்கள். 15 மடல்தான் வரும். மடிப்பு வெடிக்காது. மிஞ்சும் ஓர் அங்குலப் பட்டியில் அச்சைப் பரீட்சித்துப் பார்க்கலாம். மடிக்கமுன் மை தீர்ந்த பேனை முனையால் அடிமட்டத்தோடு ஒரு கோடு அழுத்துங்கள். உறை மடலைவிடக் கால் அங்குலம் பெரிதாக இருக்கட்டும்.

மாரிக்கு முன்

வாடைக்காற்றோடு மழை தொடங்கினால் பசை காயாது, தாள் சுருளும். காலபோக விதைப்புக் கூலி வேலை கிடைப்பதும் அப்போதுதான். ஆகவே கோலத்தாள் வேலையை ஆவணி, புரட்டாதியில் முடித்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மழை நாளில் வெட்டி ஒட்டிக் குத்துவது மட்டும் மிஞ்சட்டும்.

விலையில்தான் எம்மவர் அதிகம் தோற்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம்; தொகைகள் உதாரணத்துக்கு மட்டும், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 15 மடலுக்கும் உறைக்கும் பொருட்செலவு 390 ரூபா. இரண்டு பழுதானால் விற்கக்கூடியவை 13, ஆகவே ஒன்றுக்கு 30 ரூபா. வேலை ஐந்து மணித்தியாலம். தோட்டக் கூலி மணிக்கு 250 ரூபா என்றால் 1250. எல்லாம் சேர்த்து 1640, ஒரு மடலின் அடக்கம் 126 ரூபா. கடைக்காரர் 90 ரூபா தருகிறேன் என்கிறார். 30 ரூபாப் பொருளுக்கு 60 ரூபா இலாபம் என்று தலையாட்டினால், ஐந்து மணித்தியால உழைப்புக்குக் கிடைப்பது 780 ரூபா, மணிக்கு 156. வேறு வேலை இல்லாத நாளில் அதுவும் நல்லதுதான் என்று நீங்கள் முடிவெடுக்கலாம். ஆனால் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

எமது மாதர் குழு ஒரு முறை நூறு மடலை ஒரு பட்டணத்துக் கடையில் 'விற்ற பின் காசு' என்ற பேச்சில் கொடுத்தது. தை மாதம் போனால், கண்ணாடி அலுமாரியில் வெயில் பட்டு மங்கிய அறுபது மடல்களைத் திருப்பித் தந்தார்கள். நாமும் ஒரு பிழை விட்டிருந்தோம்: மடல்களில் வருடத்தையும் குத்தியிருந்தோம். மங்காத மிச்சமும் அடுத்த நத்தாருக்கு உதவவில்லை. அதன்பின் பாதிக் காசு முன்பணமாக வாங்காமல் கடைக்குக் கொடுப்பதில்லை. மடலின் உட்புறத்தையும் வெறுமையாகவே விட்டு, நத்தார், பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக் என்று வாங்குபவர் கேட்கும் வாழ்த்துச் சீட்டை அப்போது ஒட்டிக் கொடுக்கிறோம்.

திரும்பி வந்த அறுபதில் நல்லவற்றைப் பிரித்து, வருடத்தின்மேல் வெண்டிக்காய் வெள்ளி குத்தி மறைத்து, உறவினருக்கு அனுப்பினோம். அவற்றில் மூன்று, முகவரி மாறிவிட்டது என்ற குறிப்போடு தபாலில் திரும்பி வந்தன. உறையின் பின்புறத்தில் அனுப்புபவர் முகவரியை எழுதியிருந்தபடியால் அவை எமக்குத் திரும்பக் கிடைத்தன. ஆட்கள் அங்கே இல்லை என்பதும் தெரிந்தது. நீங்களும் இப்போது இருக்கும் இடத்தின் முழு முகவரியையும் உறையின் பின்னால் எழுத மறக்கவேண்டாம்.