சாத்தாங்காடும் அதன் சகோதர கிராமங்களும்

ஒரு பட்டணத்தின் சரித்திரத்தைக் கோட்டையிலும் கவர்னர் மாளிகையிலும் மாத்திரம் தேடுவது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. அப்பட்டணத்துக்கு உப்பும் விறகும் சுண்ணாம்பும் துணியும் அளித்துவந்த ஊர்களை நினைப்பார் அரியர். சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடையில், பக்கிங்ஹாம் கால்வாயை அடுத்துள்ள சாத்தாங்காடு அவ்வாறு மறக்கப்பட்ட ஊர்களுள் ஒன்று. அப்பெயரைக் கேட்டவுடன் இன்று ஜனங்களின் நினைவுக்கு வருவன இரும்பு மார்க்கெட்டும் லாரிகளுமேயாம்.

ஆனால் பழைய தஸ்தாவேஜுகள் வேறு கதை கூறுகின்றன. 1708-ம் வருஷத்தில் நவாப் தாவூத்கான் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு ஐந்து கிராமங்களை அளித்தான். திருவொற்றியூர், காத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம், சாத்தாங்காடு என்பன அவை. இடையில் அவற்றின் பாத்தியதை தகராறுக்குள்ளாயிற்று. 1717-ல் டில்லி பாதுஷா பரூக்ஷியர் அளித்த பர்மானால் மீண்டும் உறுதிப்பட்டது. அவ்வருஷமே கவர்னர் காலெட் கிராமங்களைக் கைப்பற்றியபோது திருவொற்றியூரில் ஆயுதச் சண்டையும் நிகழ்ந்தது. அக்கவர்னர் நெசவாளருக்கென ஏற்படுத்திய பேட்டையே ஜனங்கள் வாக்கில் மருவிக் காலடிப்பேட்டையாயிற்று. நவாபும் பாதுஷாவும் கம்பெனியாரும் பேரம் பேசினார்களேயன்றி, அந்நிலத்தை உழுதவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டாரில்லை என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும்.

கம்பெனியாரின் வருகையோடு இப்பிரதேசத்தின் சரித்திரம் தொடங்கிற்றென்று எண்ணுதல் பெரும் பிழை. 949-ல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் மடிந்தான். அவனுடைய துணைவனாகிய கேரள தேசத்து வல்லபன், தன் தலைவனோடு உயிர்விடக் கூடவில்லையே என்று மனம் நொந்து, திருவொற்றியூர் வந்து துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் அங்குள்ள மடத்துக்குத் தலைவரானார். இதனை அவ்வூர்க் கல்வெட்டே கூறுகின்றது. பின்னர் முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில், அப்பெயர் தரித்த மடாதிபதியின் ஏற்பாட்டில், வீரசோழத் தச்சன் என்னும் பட்டம் பெற்ற ரவி என்ற சிற்பி கோயில் விமானத்தைக் கருங்கல்லால் அமைத்தான். பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும் அவ்வமைப்பைத் தூங்கானைமாடம் என்பர். அரசன் பெயரோடு தச்சன் பெயரையும் கல்லில் பொறித்த பெருந்தன்மை நம் முன்னோருக்கிருந்தது. பாணினி வியாகரணம் போதிப்பதற்கென்று ஒரு மண்டபமும் அக்கோயிலில் இருந்தது.

நிற்க, கால்வாயின் விஷயத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் காக்ரேன் என்னும் ஆங்கிலேயர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் தூரம் வெட்டுவித்த உப்பங்கால்வாயே இதன் மூலம். 1837-ல் அதைச் சர்க்கார் எடுத்துக்கொண்டனர். 1877-78-ல், தாது வருஷப் பஞ்சத்தில் பசித்த ஏழைகளின் கூலி வேலையாகக் கூவமும் அடையாறும் இணைக்கப்பட்டன. அப்போது கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர் ஒன்றேனும் நிலைக்கவில்லை.

வடக்கேயுள்ள உப்பங்கழிகளில் வாரிய கிளிஞ்சல் படகுகளில் வந்து, காளவாயில் வெந்து, சுண்ணாம்பாகிச் சென்னையின் சுவர்களில் ஏறிற்று. சலவைக்கல்லோ என்று அந்நியரும் மயங்கிய சென்னைச் சுண்ணப்பூச்சு அதனாலாயது. தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாகச் சாய்த்துப் பதித்து, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டு இடித்துத் தளமிடும் வித்தைக்கும் அதுவே ஆதாரம். திண்ணை, நடை, முற்றம் என்று காற்றுக்கு வழிவிட்டு எழுப்பிய வீடுகளை மூதாதையர் கட்டினது இம்முறையில்தான்.

அவ்வளவும் கொடுத்த பிரதேசத்துக்குப் பட்டணம் திருப்பிக் கொடுத்தது யாது? சாக்கடையும் புகையுமேயன்றி வேறன்று. படகுகள் நின்று நெடுங்காலமாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டையின் எண்ணெய் இக்கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம் வரை பரவி, மீனவரின் படகுகளையும் வலைகளையும் கறுக்கச் செய்ததை யாவரும் அறிவர். ஒரே சாசனத்தில் அடுத்தடுத்து எழுதப்பட்ட நுங்கம்பாக்கம் இன்று செல்வர் வாழும் இடம். சாத்தாங்காடோ பட்டணத்தின் பாரத்தைச் சுமக்கும் இடம். இப்பேதம் விதியினால் வந்ததன்று. எங்கே எதை வைப்பது என்று அதிகாரிகள் செய்த தீர்மானங்களினால் வந்தது. ஆதலின் அதைத் திருத்துவதும் அவர்கள் கடனேயாம்.

தொழிற்சாலைகள் வேண்டாமென்று நாம் கூறவில்லை. பல்லாயிரம் குடும்பங்கள் அவற்றால் ஜீவிக்கின்றன. நாம் கோருவது சிறிது. 2011 முதல் திருவொற்றியூரும் மணலியும் காத்திவாக்கமும் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தவையாதலால், மாநகராட்சியார் இவ்வூர்களில் எஞ்சியுள்ள பழைய வீடுகள், கோயில்கள், குளங்கள் யாவற்றையும் இடிபடுமுன் அளந்து, படமெடுத்து, ஜாபிதா செய்தல் வேண்டும். கால்வாய்த் தண்ணீரில் கழிவு விடுவோர் யாராயினும் தாக்ஷண்யமின்றித் தண்டிக்கப்படல் வேண்டும். இவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் நவாபின் சாசனத்தையும் ரவி என்னும் தச்சனையும் அறிந்து வளர்தல் வேண்டும். தன் ஊரின் பெருமையை அறிந்தவனே அதன் உரிமையைக் கேட்கத் துணிவான்.